கறுப்பாக வந்த துண்டு

என் நாத்தனார் முத்துச்செல்வி ஆறு வருஷமாக ஓர் உலோகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பௌதிக ஆராய்ச்சி. சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊரில் யாராவது கேட்டால் என் மாமியார், "எம்மவ காந்தம் படிக்கா" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். மேற்கொண்டு கேட்டால் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் இசக்கிபாண்டி மட்டும் எல்லாம் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

நாங்கள் பிள்ளைப்பாக்கத்தில் ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறோம். நான் போன் கம்பெனி ஒன்றில் லைனில் நிற்கிறேன். இவர் யாக்கோபு அண்ணனின் ஷெட்டில் வயர்கட் மெஷின் ஓட்டுகிறார். முடி போல மெல்லிய பித்தளைக் கம்பி, தண்ணீருக்குள் பொறி பறக்கவிட்டே இரும்பை அறுக்கும். கார்களுக்குப் பாகம் செய்பவர்கள் கேட்கும் அச்சுகளை இங்கேதான் அறுத்துத் தேய்த்துக் கொடுப்பார்கள். முத்துவின் பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒரு மெஷின் இருக்கிறதாம். இருக்கிறது என்றால், துணி போர்த்தி, பழுது என்று எழுதி ஒட்டி இருக்கிறது. அதனால் அவள் உருக்கிய கட்டிகள் எல்லாம் பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வரும்.

கட்டி என்றால் நாவல்பழக் கொட்டை அளவுதான். சாதாரண ரம்பம் வைத்தால் நொறுங்கிவிடும். அதை இவர் அரிசி மாதிரி சின்னச் சின்னத் துண்டுகளாக அறுத்துக் கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் லீவையும் அதற்கே கொடுத்தார். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு சினிமா கிடையாது, ஒரு கோவில் கிடையாது. தங்கச்சியின் கட்டிக்குக் கிடைக்கிற நேரம் கட்டினவளுக்குக் கிடைக்கவில்லை.

ஒரு நாள் நான் வெங்காயம் உரிக்க, அவள் பூண்டு உரிக்க, கேட்டே விட்டேன்.

"அப்படி என்னதான் முத்து இருக்கு அதுல?"

"சீரியம்னு ஒரு உலோகம், மதினி. அதோட நிக்கலும் ஜெர்மானியமும் சேத்து உருக்குதோம். சீரியம் அணு ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் காந்தம்னு வச்சுக்கோங்க. சுத்தி ஓடுத எலக்ட்ரான் எல்லாம் அதை அமுக்கி அடக்கப் பாக்கும். பக்கத்துல உள்ள காந்தங்க, எங்ககூட வரிசைல வந்து நில்லுன்னு இழுக்கும்."

"எது ஜெயிக்கும்?"

"நிக்கலைக் குறைச்சுட்டு பல்லேடியம்னு இன்னொரு உலோகத்த நிறைய போட்டா வரிசை ஜெயிக்கும். போடவே இல்லன்னா அமுக்குதது ஜெயிக்கும். நடுவுல ஒரு அளவு இருக்கு. அங்கன ரெண்டும் சரிக்குச் சரி. வரிசைலயும் நிக்காது, அடங்கவும் செய்யாது. எந்தப் பொருளும் குளிர வச்சா அடங்கும்லா? இது குளிரக் குளிரத்தான் கிடந்து தவிக்கும்."

"பொண்ணு பாத்துட்டுப் போயி பதிலே சொல்லாத மாப்பிள்ளை வீடு மாதிரி."

அவள் பூண்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அதேதான் மதினி. ஐஸ் உருகுதது சூட்டால. இது சூடே இல்லாத இடத்துல, கலவைய மாத்துததால மட்டும் வர்ற மாற்றம். குவாண்டம் மாற்றம்னு சொல்லுவோம்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ நகை வாங்கியதைச் சொல்வது போலச் சொன்னாள். உலகத்தில் மற்றவர்கள் எல்லாம், அந்த ஓர் அளவில் மட்டும்தான் உலோகம் தவிக்கும், அதைத் தாண்டினால் அடங்கிவிடும் என்று எழுதியிருக்கிறார்களாம். இவளுடைய துண்டுகள் தாண்டிய பிறகும் அடங்கவில்லை. காந்தக் குணம் குளிரக் குளிர ஏறிக்கொண்டே போகிறது. அதுதான் புதிது. அதை வைத்துத்தான் பட்டம்.

அந்த விஷயம் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரையாக வந்தது. கடைசிப் பக்கத்தில், துண்டுகளை அறுத்துக் கொடுத்ததற்காக என்று இவருடைய பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தாள். இவருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் தன் பெயரை வாசிக்க எதற்குப் படிப்பு? அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து, மெஷினுக்கு மேலே பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அச்சு வாங்க வருகிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

"இன்னாபா, உன் பேரு ஃபாரின் புக்ல கீது, இனிமே நம்ம ஷெட்டுக்கு வருவியா?" என்று யாக்கோபு அண்ணன் கேலி பேசுவார். இவர் வாயெல்லாம் பல்லாக நிற்பார். கல்யாணத்தன்றுகூட இந்த மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

இந்த ஆடி மாதம் முத்து வந்தபோது முகம் சரியில்லை. ஜப்பானில் ஒரு கூட்டத்தார் அதே கலவையைச் செய்து பார்த்தார்களாம். அவர்களுக்கு அடங்கிவிட்டதாம். எங்கள் கட்டியில் தவிப்பு இல்லை, உங்கள் துண்டை மறுபடி அளந்து பாருங்கள் என்று மெயில் போட்டிருக்கிறார்கள். வாய்மொழித் தேர்வு ஐப்பசியில். அதற்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுடைய பேராசிரியர் கோமதிநாயகம், புதிதாக ஒரு துண்டு அறுத்துக் கொண்டுவா என்று அனுப்பியிருந்தார்.

"அவனுக கட்டி சரியில்லாம இருக்கும்," என்றார் இவர். "நீ இரு, ஒரு மணி நேரத்துல தாரேன்."

அன்று எனக்கு ஆஃப். இவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நானும் ஷெட்டுக்குப் போயிருந்தேன். முத்து எப்போதும் எங்கள் அறையிலேயே இருந்து, துண்டு கைக்கு வந்ததும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். கம்பி அறுத்து முடித்தது. தண்ணீருக்குள்ளிருந்து இவர் துண்டை எடுத்தார். தீய்ந்த வடை மாதிரி கறுப்பாக இருந்தது. வயர்கட்டில் அறுத்தால் அப்படித்தான், பொறி பட்ட இடம் கருகிவிடும். இவர் அதை ஒரு சின்ன இடுக்கியில் பிடித்துக்கொண்டு, மூலையில் இருந்த பஃப் சக்கரத்தின் ஸ்விட்சைப் போட்டார். துணிச் சக்கரம். இரும்பு அச்சுகளைக் கண்ணாடி மாதிரி தேய்த்து எடுப்பது அதில்தான்.

"என்னண்ணே செய்யுத?"

"தேய்க்கேன். பின்ன, கறுப்பாவா கொண்டு போவ?"

முத்து சக்கரத்தையே பார்த்தாள். அதன் துணி முழுக்க இரும்புத் தூள் ஏறி, பழைய அடுப்புக்கரித் துணி மாதிரி இருந்தது.

"எப்பவும் இதுலதான் தேய்ச்சுத் தருவியா?"

"எப்பவும்தான். பெரிய பெரிய ஆளுக பாக்கிற எடம். என் தங்கச்சி கொண்டு போறது மங்கலா இருந்தா எனக்குல்லா கேவலம்?" என்றவர், நினைவு வந்தவராக, "ஒரே ஒரு தரம்தான் தேய்க்காம குடுத்தேன். போன வருசம் ஆயுதபூசைக்கு. நான் அறுத்து முடிக்கதுக்குள்ள பயலுக சக்கரத்துக்குப் பொட்டு வச்சு மாலையும் போட்டுட்டானுக. பூசைல வச்சத எப்படி ஓட்ட? நீ வேற பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பறந்த," என்றார்.

எங்கள் பக்கத்து ஷெட்டுகள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். பூசையில் வைத்த கருவியை விஜயதசமிக்குத்தான் தொடுவார்கள். யாக்கோபு அண்ணன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரே அதை மீறச் சொல்ல மாட்டார்.

முத்து மெதுவாகக் கையை நீட்டினாள்.

"கறுப்பாவே குடுண்ணே."

"எதுக்குட்டி?"

"நேரமாச்சு. கறுப்பாவே குடு."

இவர் ஸ்விட்சை அணைத்தார். துண்டைத் தாளில் மடித்துக் கொடுத்தார். அவள் சாப்பிடாமல் போய்விட்டாள். நான் கொண்டுபோன சோற்றை இவர் ஒருவராகச் சாப்பிட்டார். வழக்கமாகப் பேசிக்கொண்டே சாப்பிடுகிறவர் அன்றைக்குப் பேசவில்லை. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, இவர் ஷெட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து முத்து வந்தாள். நான் காலை ஷிப்ட் முடித்து அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தேன். அறைக்குள் வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"எல்லாம் போச்சு மதினி."

கறுப்புத் துண்டை அமிலத்தில் போட்டு மேல்தோலைக் கரைத்துவிட்டு அளந்திருக்கிறாள். உலோகம் அடங்கிவிட்டது. பிறகு, பளபளப்பாக இருந்த பழைய துண்டுகள் ஒவ்வொன்றையும் அமிலத்தில் போட்டு எடுத்து அளந்திருக்கிறாள். எல்லாம் அடங்கிவிட்டன. ஆறு வருஷம் குளிரக் குளிர ஏறிக்கொண்டே போனது அவளுடைய சீரியம் இல்லை. தேய்க்கும்போது ஒட்டிக்கொண்ட இரும்பு மாவு. கொஞ்சம் பெரிய துணுக்காக இருந்திருந்தால் முத்துவும் பேராசிரியரும் செய்த சோதனையிலேயே மாட்டியிருக்குமாம். மாவாக இருந்ததால் உலோகம் தவிப்பது போலவே காட்டியிருக்கிறது.

"போன வருசப் பூசைத் துண்டு மட்டும் அப்பவே அடங்குச்சு. அது கறுப்பா இருந்துச்சுன்னு அமிலத்துல போட்டேன். அமிலம் பட்டுக் கெட்டுப்போச்சுன்னு நானும் சாரும் ஒதுக்கி வச்சுட்டோம். அது ஒண்ணுதான் மதினி உண்மையச் சொல்லிச்சு."

"மத்ததையும் அமிலத்துல போட்டிருக்கலாம்லா?"

"அழுக்க எடுக்கத்தான அமிலம். அண்ணன் குடுத்தது கண்ணாடியா மின்னுச்சு. அதை எதுக்குப் போடணும்னு விட்டுட்டேன்."

எங்கள் லைனில் தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, காலுக்கு உறை. ஒரு தூசி விழுந்தால் போன் ரிஜெக்ட். அந்தத் தூசி எங்கிருந்து வந்தது என்று சூப்பர்வைசர் வந்து நிற்பார். அதனால் அவள் சொன்னது எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

"இதை யாரும் கேக்காம விட்டா?" என்றேன். எனக்கு வெட்கமில்லை, கேட்டேன். "தேர்வு முடியட்டுமே. ஜப்பான்காரன் அவன் பாட்டுக்குச் சொல்லட்டும்."

"அதை நினைச்சு ரெண்டு நாள் தூங்கல மதினி. முடியல. எவனாவது ஒருத்தன் என் கட்டுரைய நம்பி அவனும் ஆறு வருசம் உருக்கிட்டு இருப்பான்."

பேராசிரியரிடம் சொல்லிவிட்டாளாம். அவர் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்றாராம். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றாள். அடங்கிப்போகிற உலோகத்தைப் பற்றிப் பத்துப் பேர் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். அதற்குப் பட்டம் கிடையாது. முதலிலிருந்து தொடங்கலாம் என்றால், உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது, பேராசிரியரும் சித்திரையில் ஓய்வு பெறுகிறார்.

"திரும்ப வாங்குததுக்குக் காரணம் எழுதணும். தேய்ச்சதால இரும்பு சேந்துச்சுன்னு எழுதினா, வாசிக்கவன் எவனும் கடைசிப் பக்கத்துல யாருக்கு நன்றி சொல்லியிருக்குன்னு பாப்பான். அங்கன ஒரே பேருதான் இருக்கு." அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "சார்ட்ட கெஞ்சினேன். தயாரிப்புல வந்த பிழைன்னு மட்டும் போட்டிருக்கார். அண்ணனுக்குத் தெரியக் கூடாது மதினி. எந்தக் காலத்துலயும். எம்மேல சத்தியம் பண்ணுங்க."

நான் அவள் தலையில் கை வைத்தேன். அந்த லேமினேட் பக்கம் என் கண்ணுக்குள் நின்றது. வேறு என்ன செய்ய?

அடுத்த வாரம் அவளே அண்ணனிடம் சொல்ல வந்தாள். தப்பாக அளந்துவிட்டேன், பட்டம் இல்லை, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலைக்குச் சேரப் போகிறேன் என்று மளமளவென்று ஒப்பித்தாள். இவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். பிறகு எழுந்து நின்றார். நான் அதுவரை கேட்டிராத குரல்.

"ஆறு வருசமா என்னத்தட்டி அளந்த? நான் ஒரு முடி பிசகா அறுத்தா யாக்கோபண்ணன் என்னைய நிக்க வச்சுக் கேப்பாரு. உன்னைய ஒருத்தனும் கேக்கலயா?"

"என் தப்புதான்ணே."

"நான் குடுத்ததுல குறை எதுவும் இருந்துச்சா? சொல்லு."

"இல்லண்ணே."

"அறுத்தது சரியில்லையா? அளவு தப்பா?"

"எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"அப்ப தேய்ச்சது? அதுல எதுவும் குறையா?"

முத்து தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ குடுத்தது எல்லாம் நல்லாத்தான்ணே இருந்துச்சு. நான்தான் கெடுத்துட்டேன்," என்றாள்.

இவர் கையை ஓங்கிவிட்டார். அடிக்கவில்லை. "போ. எம் மூஞ்சில முழிக்காத," என்றார். நான் வாயைத் திறந்தேன். முத்து என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி மூடிக்கொண்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த மனுஷன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உனக்காகத்தான் அந்தப் பிள்ளை பேசாமல் நின்று பேச்சு வாங்கிக்கொண்டு போகிறாள், மடையா என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தவில்லை. அன்றிலிருந்து வீட்டில் குழம்பு கொதிக்கிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

மாமியார் போன் செய்து, மகளுக்கு எப்போது பட்டம், ஊரில் கேட்கிறார்கள் என்று விசாரிப்பார். இவர் போனை என்னிடம் நீட்டிவிட்டு வெளியே போய்விடுவார். முத்து ஒரகடத்தில் ஹாஸ்டலில் இருந்தாள். பிரேக் பாகங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நான் போய்ப் பார்க்கும்போது ஒரு சுற்று மெலிந்திருந்தாள். அண்ணனைப் பற்றிக் கேட்பாள். நன்றாக இருக்கிறார் என்பேன்.

ஆயுதபூசை வந்தது. சாயங்காலம் ஷெட்டுக்கு நானும் போனேன். கழுவித் துடைத்து, மெஷினுக்கு வாழைக்கன்று கட்டி, ஸ்பேனர், அரம், சுத்தியல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். யாக்கோபு அண்ணன் வழக்கம் போல வாசலில் கைகட்டி நின்று மேற்பார்வை பார்த்தார். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஆணி மட்டும் இருந்தது. லேமினேட் பக்கத்தைக் காணவில்லை.

"இன்னா பாண்டி, அந்த சக்கரத்துக்கு மட்டும் பொட்டு வெக்காம வுட்டுக்கினு கீற?"

"அதுக்கு வேண்டாம்ணே," என்றார் இவர்.

யாக்கோபு அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பூசணிக்காயைப் பார்த்தேன்.

சூடம் காட்டி, பொரி பங்கு போட்டு, எல்லாரும் கலைந்த பிறகு இவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கறுப்பாவே குடுன்னு கேட்டால்லா, அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. இரும்பு தேய்க்குற சக்கரம். அவ காந்தம் பாக்குற பிள்ளை. இது விளங்க எனக்குப் படிப்பு வேணுமா?"

"தெரிஞ்சுமா அவளை அப்படித் திட்டினீங்க? கையை வேற ஓங்கினீங்களே!"

"திட்டினாலாச்சும் திருப்பிச் சொல்லுவான்னு பாத்தேன்." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீதாண்ணே கெடுத்தன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா எனக்கு ஆறிப்போயிரும். மூணு தரம் கேட்டேன். அதை மட்டும் சொல்லல. எல்லாத்தையும் அவ தலைல தூக்கி வச்சுக்கிட்டுப் போயிட்டா." பிறகு, "உனக்கும் தெரியும். நீயும் சொல்லல," என்றார்.

இத்தனை மாதம் மூன்று பேரும் ஒரே விஷயத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். யாரை யார் காப்பாற்றினோம்? அவள் இளைத்ததுதான் மிச்சம்.

அவர் எழுந்து போய், பொரியும் அவலும் கட்டிய பை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அதற்குள் தினத்தாளில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்தேன். அரிசி அளவில், கருகலாக, ஒரு துண்டு.

"அவ கட்டில மிச்சம் கிடந்துச்சு. மெஷினுக்குப் பொட்டு வைக்க முன்னாடி அறுத்தேன். தேய்க்கல. துணிகூடப் படல. நாளைக்கு ஒரகடம் போயி அவட்ட குடு."

இந்தத் தடவையாவது பேசாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது.

"இதை அளக்க அவகிட்ட இப்ப மெஷின் இல்லங்க," என்றேன்.

"தெரியும்," என்றார். "நீ குடு."